புளஃபர்ஸ் பூங்காவில் டிரம்பெட்டர் அன்னங்கள்: பார்த்தவர்கள், விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கொக்குவில் தம்பி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். புளஃபர்ஸ் பூங்காவில் படகுத்துறைப் பக்கம் இப்போது பெரிய வெள்ளை அன்னங்கள் கூட்டமாக நிற்கின்றன. அங்கே செம்மஞ்சள் அலகு உள்ள அன்னங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இவை வேறு. அலகு முழுக்கக் கறுப்பு, கழுத்தை நேராக நிமிர்த்தி வைத்திருக்கின்றன, குரல் பழைய கார் ஹோர்ன் மாதிரி. இரண்டு பறவைகளின் இறக்கையில் மஞ்சள் அட்டை, அதில் கறுப்பில் இலக்கம்.

இவை டிரம்பெட்டர் அன்னங்களா, டண்ட்ரா அன்னங்களா? அட்டை இலக்கத்தை யாருக்கு அறிவிப்பது? சாப்பாடு போடலாமா? மகள் கேட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது: காட்டுப் பறவைக்கு எதற்கு இலக்கம்?

வலசை (ஹாமில்டன்)

தம்பி, மஞ்சள் இறக்கை அட்டை இருந்தால் ஒன்ராறியோவில் அது டிரம்பெட்டர்தான். அட்டை இல்லாதவற்றுக்கும் உதவும் என்பதால் அடையாளங்களை எழுதுகிறேன்.

செம்மஞ்சள் அலகும் அதன் அடியில் கறுப்புக் குமிழும் இருந்தால் மியூட் அன்னம். ஐரோப்பாவிலிருந்து பூங்கா அழகுக்காகக் கொண்டுவந்தது, பிறகு தானாகப் பரவியது. அதைப் பிரித்துவிடுவது சுலபம். சிக்கல் டிரம்பெட்டருக்கும் டண்ட்ராவுக்கும் இடையில்தான். டண்ட்ராவுக்குப் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் இருக்காது. ஆகவே ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். டிரம்பெட்டரின் அலகு நீளமாக, நெற்றியிலிருந்து நேர்கோடாக இறங்கும். அலகின் கறுப்பு கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்ளும். டண்ட்ராவில் கண் கொஞ்சம் தனியாகத் தெரியும். முன்னால் நின்று பார்த்தால் டிரம்பெட்டரின் நெற்றி இறகு அலகுக்குள் கூராக இறங்கும், டண்ட்ராவில் அந்த விளிம்பு வளைவாக இருக்கும்.

குரலைக் கேட்டால் சந்தேகமே வராது. இரண்டு இனத்திலும் மூச்சுக்குழாய் நெஞ்செலும்புக்குள் புகுந்து சுற்றி வருகிறது. டிரம்பெட்டருக்கு அதில் மேலதிகமாக ஒரு வளைவு உண்டு. அந்தக் கனத்த ஊதல் அங்கிருந்துதான் வருகிறது. குஞ்சுகளையும் பாருங்கள்: டண்ட்ராக் குஞ்சு குளிர்காலத்துக்குள்ளேயே வெளுக்கத் தொடங்கிவிடும், டிரம்பெட்டர்க் குஞ்சு வசந்தம் வரை சாம்பல் நிறமாகவே இருக்கும். தலை துரு நிறமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது சேற்றில் உள்ள இரும்பின் கறை.

மகளின் கேள்விக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் கடைசியாக அறியப்பட்ட டிரம்பெட்டர் 1886-ல் ஈரி ஏரிக்கரை லோங் பொயின்ற்றில் சுட்டுக் கொல்லப்பட்டது. அதற்குப் பிறகு ஏறத்தாழ 100 வருடம் இந்த மாகாணத்தில் இவை இல்லை. 1982-ல் ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர், மாகாண இயற்கைவள அமைச்சில் வேலைபார்த்தவர், திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். மேற்கிலிருந்து முட்டைகள் வந்தன. முதலில் அவற்றை மியூட் அன்னங்களின் கூட்டில் வைத்துப் பொரிக்கப் பார்த்தார்கள். குஞ்சு பொரித்தது, ஆனால் கடிக்கும் ஆமைகளும் மற்ற எதிரிகளும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் வழியை மாற்றினார்கள். சோடிகளைப் பண்ணைக் குளங்களில் வளர்த்து, குஞ்சுகளைப் பெரிதாக்கி வெளியே விட்டார்கள். குளம் வைத்திருந்த சாதாரண சனங்கள் தங்கள் செலவில் பல வருடம் அன்னங்களைப் பராமரித்தார்கள். மிட்லண்டில் உள்ள ‘வை’ என்ற சதுப்புநிலம் பெரிய மையமாக இருந்தது.

விட்ட பறவை பிழைத்ததா, எங்கே போகிறது, யாரோடு சோடி சேர்ந்தது என்று தெரிந்தால்தானே திட்டம் சரியாகப் போகிறதா என்று சொல்ல முடியும்? இலக்கம் அதற்குத்தான். தூரத்திலிருந்தே வாசிக்கலாம், பறவையைப் பிடிக்கத் தேவையில்லை.

மிசிசிப்பிக் கரை (மினசோட்டா)

நல்ல இழை. எங்கள் மாநிலத்துக் கதையையும் சேர்க்கிறேன்.

இங்கே மினியாபொலிஸ் பக்கத்துப் பூங்கா நிர்வாகம் 1960-களிலேயே சிறிய அளவில் தொடங்கிவிட்டது. பெரிய வேகம் வந்தது 1980-களில், மாநில இயற்கைவளத் துறை இறங்கியபோது. கேரல் ஹென்டர்சன் தலைமையில் 1986, 87, 88 என மூன்று ஆண்டுகள் அலாஸ்காவுக்குப் போய் ஆண்டுக்கு 50 முட்டைகள் எடுத்து வந்தார்கள். கூட்டிலிருந்து எல்லா முட்டையையும் எடுக்கவில்லை, தாய்க்கும் மிச்சம் வைத்தார்கள். குஞ்சுகளை இரண்டு வயது வரை வளர்த்து விட்டார்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாநில வருமான வரிப் படிவத்தில் வனவிலங்குக்கு நன்கொடை தர ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மக்கள் விரும்பி எழுதிய தொகைதான் பெரும்பங்கு. நானும் வருடாவருடம் எழுதுகிறேன்.

2015 கணக்கெடுப்பில் மினசோட்டாவில் மட்டும் சுமார் 17,000 அன்னங்கள். குளிர்காலத்தில் மான்டிசெல்லோ ஊருக்கு வாருங்கள். அணுமின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீரால் அங்கே மிசிசிப்பி உறையாது. ஆற்றை மறைத்துக்கொண்டு அன்னங்கள் நிற்கும்.

பக்கத்து விஸ்கான்சினில் வேறொரு முறை. 1989 முதல் 1997 வரை அலாஸ்காவிலிருந்து 385 முட்டைகள் கொண்டுவந்தார்கள். மில்வாக்கி உயிரியல் பூங்காவில் பொரித்தார்கள். குஞ்சு மனிதனைத் தாய் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால், பொம்மை அன்னம் ஒன்றை நீரில் விட்டு, ஆட்கள் உடம்பை மறைத்துக்கொண்டு நீருக்குள் மிதந்தபடி அதை நகர்த்துவார்கள். குஞ்சுகள் பொம்மையைப் பின்தொடர்ந்தே இரை தேடக் கற்றன. 2009-ல் அந்த மாநிலத்தின் அழியும் இனங்கள் பட்டியலிலிருந்து டிரம்பெட்டர் நீக்கப்பட்டது.

கணக்குப்பிள்ளை (சிகாகோ)

எல்லோரும் மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

அலாஸ்காவில் இந்த அன்னம் அழியவே இல்லை. 1968-ல் அங்கே முழுமையாகக் கணக்கெடுத்தபோது 2,847 பறவைகள் இருந்தன. அப்படியானால் ஓர் இனத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்வது சரியா? ஒன்டாரியோவிலும் அயோவாவிலும் திரும்ப வைத்தது, அங்கே இருப்பவர்களுக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அதே காலத்தில் உண்மையிலேயே அழிந்துகொண்டிருந்த சின்னப் பறவைகளுக்கும் நன்னீர்ச் சிப்பிகளுக்கும் யாரும் இவ்வளவு பணம் தரவில்லை. பெரிய, வெள்ளையான, அழகான பறவை என்பதால் கிடைத்த கவனம் இது. அதோடு தெற்கு ஒன்டாரியோவில் இவை முட்டையிட்டு வாழ்ந்தன என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவானது?

மிசிசிப்பிக் கரை (மினசோட்டா)

சிப்பிகளுக்குப் பணம் வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் அன்னத்துக்குத் தராமல் இருந்திருந்தால் அந்தப் பணம் சிப்பிக்குப் போயிருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வரிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் பலர் அன்னத்தையும் லூன் என்ற நீர்ப்பறவையையும் நினைத்துத்தான் நிரப்பினார்கள். அதே நிதியிலிருந்து மற்ற உயிர்களுக்கும் செலவாகிறது.

வலசை (ஹாமில்டன்)

கணக்குப்பிள்ளை ஐயாவின் கேள்வி நியாயமானது. விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சான்று. லம்ஸ்டனே 1984-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். குடியேற்றத்துக்கு முந்தைய பயணிகளின் குறிப்புகள், அகழ்வில் கிடைத்த எலும்புகள், தோல் வியாபாரக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் கிழக்குக் கனடாவில் இவை வாழ்ந்த பரப்பை வரைந்தார். பறவையை விடுவதும் சான்று தேடுவதும் ஒன்றாகவே நடந்தன.

அடுத்தது, அவை ஏன் போயின என்பது. ஹட்சன் பே கம்பனி 1853 முதல் 1877 வரை விற்ற அன்னத் தோல்கள் 17,600-க்கு மேல். அதில் டண்ட்ராவும் கலந்திருக்கும், ஆனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் கூடு கட்டியது டிரம்பெட்டர் என்பதால் அடி அதற்குத்தான் அதிகம். தோல் முகப்பூச்சுப் பஞ்சுக்குப் போனது, இறகு பேனாவுக்குப் போனது. பறவை ஓவியர் ஓடுபோனே சின்னப் பறவைகளின் கால், நகம் போன்ற நுணுக்கமான பகுதிகளை வரைய இந்த அன்னத்தின் இறகுதான் சிறந்தது என்று விரும்பிப் பயன்படுத்தினார். இதற்கு மேல் சதுப்புநிலங்களை வடித்து வயலாக்கினார்கள். அதாவது இவை தாமாக இடம் மாறிப் போகவில்லை. மனிதன் அழித்தான்.

1930-களின் தொடக்கத்தில் அலாஸ்கா தவிர்ந்த அமெரிக்காவில் எண்ணிக் கண்டவை 69 பறவைகள். யெலோஸ்டோனைச் சுற்றி வெந்நீர் ஊற்றுகளால் உறையாத நீர் இருந்ததால்தான் அவையாவது தப்பின. 1935-ல் மொன்ரானாவில் ரெட் றொக் லேக்ஸ் சரணாலயம் அமைந்தது. இப்போது சொல்கிறேன் பாருங்கள்: அலாஸ்காவில் உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. 69-தான் கண் முன்னால் இருந்த எண்ணிக்கை. அதை வைத்துக்கொண்டு வேலை தொடங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. ஆல்பர்ட்டாவில் கிராண்ட் பிரெய்ரி பக்கமும் ஒரு சிறு கூட்டம் தப்பியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் பறவை நிறைய இருப்பதும், கண்டம் முழுக்கப் பரவி இருப்பதும் ஒன்றல்ல. பறவைக் காய்ச்சல் வரும் காலத்தில் அது இன்னும் முக்கியம். 1968-ல் வட அமெரிக்கா முழுக்க 3,722. 2015-ல் சுமார் 63,000. அதில் கிட்டத்தட்ட 27,000, மினசோட்டா, விஸ்கான்சின், ஒன்ராறியோ போன்ற கண்டத்தின் உட்பகுதியில் உள்ள இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதாவது நீங்கள் தேவையா என்று கேட்கும் பகுதியில்தான் இன்று பறவை அதிகம்.

கணக்குப்பிள்ளை (சிகாகோ)

விரிவான பதிலுக்கு நன்றி. எண்ணிக்கையை ஏற்கிறேன். ஆனால் அந்த 27,000-ல் எத்தனை சோளத்தை நம்பி வாழ்கின்றன? மனிதன் கொட்டும் தானியமும் மின்நிலைய வெந்நீரும் இல்லையென்றால் ஜனவரியில் அவை எங்கே போகும்? வலசை போகத் தெரியாத அன்னத்தை மீட்டெடுத்த காட்டுப் பறவை என்று எப்படி அழைப்பது?

ஆசிரியை அக்கா (மார்க்கம்)

நான் சோளம் போடுகிற ஆள். பேர்லிங்டன் லசால் பூங்காவில் குளிர்காலத்தில் 200 வரை வந்து நிற்கும். துறைமுகம் உறைந்து கிடக்கும்போது பசியோடு நிற்கிற பறவைக்கு முழுச் சோளம் கொடுப்பதில் என்ன பிழை என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள்தானே இவற்றின் சதுப்புநிலத்தை வீடாகவும் வீதியாகவும் மாற்றினோம்? பாண் போடுவது வேறு, அது சத்தில்லாத சாப்பாடு, அதை நானும் தடுக்கிறேன்.

வலசை (ஹாமில்டன்)

அக்கா, உங்கள் மனது எனக்கு விளங்குகிறது. திட்டத்தின் ஆரம்ப வருடங்களில் தீனி போட்டதற்குக் காரணமும் இருந்தது, எண்ணிக்கை குறைவாக இருந்தபோது ஒவ்வொரு பறவையும் குளிரைக் கடக்க வேண்டியிருந்தது. ஆனால் இப்போது ஒன்ராறியோவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன, தாமே பெருகுகின்றன. இனித் தீனி போடுவது கூட்டத்தை ஓரிடத்தில் நெருக்கிவிடும். நோய் வந்தால் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தொற்றும்.

ரெட் றொக் லேக்ஸில் நடந்ததைப் பாருங்கள். 1930-களிலிருந்து அங்கே குளிர்காலத்தில் தானியம் போட்டார்கள். பறவை பெருகியது, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு நகரவில்லை. பழைய வலசைப் பாதை தெரிந்த தாய்தந்தை எல்லாம் சுடப்பட்டுப் போன பிறகு, குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அன்னத்துக்கு வழி பிறவியிலேயே வராது. முதல் குளிர்காலத்தில் பெற்றோரோடு பறந்துதான் பாதை தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே தீனியை நிறுத்தினார்கள், பறவைகளைப் பரவச் செய்ய மிகவும் பாடுபட்டார்கள். சிலர் சிறு விமானத்தின் பின்னால் பறக்கப் பழக்கியும் பார்த்தார்கள்.

என் நிலைப்பாடு இதுதான்: தலைகளை எண்ணுவதில் பாதி வேலைதான் முடிகிறது. எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்ற அறிவும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதனால்தான் தீனி போட வேண்டாம் என்கிறேன்.

மிசிசிப்பிக் கரை (மினசோட்டா)

அந்த அறிவு திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஆர்கன்சாவில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் பக்கம் மேக்னஸ் ஏரி என்று ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் மூன்று டிரம்பெட்டர்கள் அங்கே வந்து இறங்கின, எங்கள் பக்கத்துப் பறவைகள். யாரும் கூட்டிப் போகவில்லை. அடுத்த ஆண்டுகளில் குஞ்சுகளோடு திரும்பின. பிறகு குளிர்காலங்களில் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கின. செயின்ட் லூயிஸ் அருகே ரிவர்லாண்ட்ஸ் சரணாலயத்திலும் அதே மாதிரி, அங்கே ஆயிரத்துக்கு மேல். பகலில் சுற்றியுள்ள வயல்களில் அறுவடையில் சிந்திய சோளம் தின்றுவிட்டு மாலையில் நீருக்குத் திரும்பும்.

அயோவாவில் 1998-ல் காட்டில் குஞ்சு பொரித்தபோது அது 1883-க்குப் பிறகு முதல்முறை. 115 வருட இடைவெளி. இதையெல்லாம் வெறும் பூங்காப் பறவை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, கணக்குப்பிள்ளை.

சியாட்டில் மழை (வாஷிங்டன்)

நீங்கள் யாரும் ஈயத்தைப் பற்றிப் பேசவில்லையே. மேற்குக் கரையில் எங்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

இங்கே ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு வயல், சோளத் தாள் வயல் எங்கும் அன்னங்கள். அலாஸ்காவிலிருந்து வருபவை. விவசாயிகள் மூடுபயிர் விதைத்து அவற்றுக்கும் இடம் தருகிறார்கள். ஆனால் வடக்கே எல்லையோரம், வாட்கம் கவுன்டியிலும் அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சூமாஸ் சமவெளியிலும் 1999 முதல் பல குளிர்காலங்கள் அன்னங்கள் நூற்றுக்கணக்கில் செத்தன. காரணம் ஈயச் சன்னம், துப்பாக்கி ரவையில் வருவது.

அன்னத்துக்குப் பல் இல்லை. தீனியை அரைக்கச் சிறுகற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் ஈயச் சன்னமும் அதற்குக் கல்லாகத்தான் தெரியும். இரைப்பையில் அரைபட்டு, அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் ஏறும். சில சன்னங்களே ஒரு பெரிய பறவையைக் கொல்லப் போதும். முதலில் கழுத்து நிமிராது, பிறகு இறக்கை தொங்கும், குடல் இயங்காமல் போகும், வயிறு நிறைய இரை இருக்கும்போதே பட்டினியில் சாகும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை அமெரிக்கா 1991-ல் முழுக்கத் தடை செய்தது, கனடா 1999-ல். பிறகும் ஏன் சாகின்றன? பழைய ஈயம் சேற்றில் அப்படியே கிடக்கிறது. வாத்துக்கு எட்டாத ஆழத்துச் சேற்றை அன்னத்தின் கழுத்து எட்டிவிடும். இங்கே ஆய்வாளர்கள் பறவைகளுக்கு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து, எல்லைக்கோட்டிலேயே கிடக்கும் ஜட்சன் ஏரிதான் முக்கிய இடம் என்று கண்டுபிடித்தார்கள். 2006 முதல் இரவில் அங்கே தங்கவிடாமல் விரட்டினார்கள், படகு, லேசர் ஒளி, வெடிச்சத்தம் எல்லாம் வைத்து. சாவு வெகுவாகக் குறைந்தது. பறவையைக் காப்பாற்ற அதை விரட்ட வேண்டிய நிலை. எனக்கு அது வேதனையாக இருந்தாலும், செய்தவர்கள்மேல் மதிப்பு அதிகம்.

கணக்குப்பிள்ளை (சிகாகோ)

இது முக்கியமான தகவல். தொடக்கக் கேள்வியில் என் கருத்து அப்படியே இருக்கிறது, ஆனால் ஈயத்தை அகற்றினால் லூன், வாத்து, கழுகு எல்லாமே பிழைக்கும். அந்த வேலைக்குப் பணம் கேட்டால் நான் முதலில் தருவேன்.

மலைக்காற்று (மொன்டானா)

மின்கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிளாட்ஹெட் பகுதியில் சாலிஷ், கூட்டனே பழங்குடி அரசே 1990-களிலிருந்து டிரம்பெட்டரைத் திரும்ப வைக்கும் திட்டத்தை நடத்துகிறது. அங்கே சாவுக்கு முதல் காரணம் கம்பியில் மோதுவது. இவ்வளவு கனமான பறவை சட்டென்று திரும்ப முடியாது. கம்பிகளில் தெரியும்படி அடையாளங்கள் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

உட்டாவில் இன்னொரு சிக்கல். அங்கே டண்ட்ரா அன்னத்தை உரிமத்தோடு சுடலாம். தவறுதலாக டிரம்பெட்டர் 20 சுடப்பட்டால் பருவத்தையே மூடிவிடுவார்கள். 2019-ல் அப்படி நேரத்துக்கு முன்பே மூடினார்கள். வலசை எழுதிய அந்த அலகு வித்தியாசத்தை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கற்க வேண்டும்.

கொக்குவில் தம்பி (ஸ்காபரோ)

எவ்வளவு விபரம்! எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

ஈயம் பற்றி ஒரு கேள்வி. என் மாமாவும் அவருடைய நண்பர்களும் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்கள். தூண்டில் பெட்டி நிறைய ஈயக்குண்டுதான். அதுவும் இதே ஆபத்தா? அதற்குப் பதில் என்ன வாங்கலாம்?

சியாட்டில் மழை (வாஷிங்டன்)

அதே ஆபத்துதான் தம்பி. சின்னக் குண்டு இன்னும் மோசம், விழுங்கும் அளவில் இருப்பதால். நூல் அறுந்து விழும் குண்டு சேற்றில் பல பத்தாண்டு கிடக்கும். வெள்ளீயம், உருக்கு, பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. டங்ஸ்டன் விலை கூட, ஆனால் ஈயத்தை விட அடர்த்தி என்பதால் சின்னக் குண்டே போதும். சாதாரண மீன்பிடிக்கு உருக்கு தாராளமாகப் போதும்.

வலசை (ஹாமில்டன்)

கனடாவில் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு ஏற்கெனவே தடை. மற்ற நீர்நிலைகளில் அனுமதி உண்டு என்பதால் இது அவரவர் எடுக்கும் முடிவு. மாமாவிடம் சொல்லுங்கள், பழைய ஈயத்தைக் குப்பையில் போடாமல் நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கலாம்.

அட்டை இலக்கத்துக்கு: இடம், நாள், எத்தனை பறவை, கூடவே சோடியா குஞ்சா என்று எழுதி, படத்தோடு இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போடுங்கள். காலில் உலோக வளையமும் இருந்து இலக்கம் வாசிக்க முடிந்தால் வட அமெரிக்க வளையப் பதிவு இணையதளத்திலும் பதியுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே எப்போது வளையம் போட்டார்கள் என்று பதில் வரும். கழுத்து தொங்கி, பறக்காமல் தனியாக ஒதுங்கி நிற்கும் அன்னத்தைக் கண்டால் கிட்டப் போகாமல், தொடாமல், உடனே பக்கத்து வனவிலங்கு மீட்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஆசிரியை அக்கா (மார்க்கம்)

தீனி விசயத்தில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வலசை. கடும் உறைபனி நாளில் என்ன செய்வது என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அதை எழுதுங்கள். புளஃபர்ஸ் பக்கம் வரும் சனிக்கிழமை காலை நானும் வருகிறேன் தம்பி, என்னிடம் நல்ல தொலைநோக்கி இருக்கிறது. மகளையும் கூட்டிவாருங்கள், இலக்கத்தை அவளே வாசிக்கட்டும்.